மேசைவிரிப்பு வழக்கில் அத்தைக்கு ஒரு திருத்த அறிக்கை

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அத்தைக்கு,

தங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அம்மா நலம். அப்பா முக்கால்வாசி நலம்; மீதிக் கால்வாசியைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். தங்கள் நலத்தை அறிய ஆவல் என்று எழுத வேண்டும் என எங்கள் இலக்கணப் புத்தகத்தின் கடிதப் பாடம் சொல்கிறது. பாடம் சொல்லாவிட்டாலும் எனக்கு ஆவல்தான். சலவைக் கடை மாடியில் இருக்கும் அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் நீராவிக் குழாய்ப் பக்கம் திறக்கும் என்று நீங்கள் முன்பு சொல்லியிருக்கிறீர்கள். அங்கே தொலைக்காட்சிப் பெட்டியும் கிடையாது. அந்த அறைக்கு நீங்கள் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது.

கடிதத்தின் நோக்கத்தைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பதும் பாடத்தில் இருக்கிறது. நோக்கம் இதுதான்: நீங்கள் குற்றவாளி இல்லை. சனிக்கிழமைக்குள் வீட்டுக்கு வந்துவிடவும்.

வழக்கு அறிக்கை என்றால் தெரிந்த விஷயத்தையும் முதலிலிருந்து எழுத வேண்டும் என்று நாம் சேர்ந்து பார்க்கும் துப்பறியும் தொடரில் வழுக்கைத் தலையுள்ள தலைமை ஆய்வாளர் சொல்வாரே, அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன். குற்றம் நடந்த பொருள்: வெள்ளை மேசைவிரிப்பு, ஒன்று. அம்மா பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே நோயாளிகள் வாயைத் திறந்து படுத்திருக்கும் நேரமெல்லாம் ஏழு மாதமாகப் பூத்தையல் போட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை நூலகக் கூடத்தில் கைவேலைக் கண்காட்சியில் வைக்க வேண்டியது. அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பெயரை ஒரு அட்டையில் எழுதி ஒரு பொருளுக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறார். அந்த அட்டையைக்கூட நான்தான் எழுதினேன். இப்படிப்பட்ட விரிப்பைச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் செய்தித்தாள் சுற்றி வைத்திருந்தார். சம்பவத்தன்று மாலை பிரித்துப் பார்த்தபோது நடுவில் இருந்த பெரிய பூவுக்குப் பக்கத்தில் பழுப்புச் சிவப்பாக மூன்று விரல் தடம்.

"ஐயையோ! யாரு கை வச்சது இதுல?" என்று அம்மா போட்ட சத்தத்தில் நான் வரலாற்றுப் பாடத்தை ஒரு மன்னர் பாதி ஆண்டுகொண்டிருக்கும்போதே விட்டுவிட்டு ஓடி வந்தேன். அத்தை, உங்களிடம் மறைக்க மாட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று பருவம், நாற்பத்தோரு அத்தியாயம், உங்கள் மடியில் காலைப் போட்டுக்கொண்டு பார்த்த எனக்கு, எங்கள் வீட்டிலேயே ஒரு வழக்கு! "யாரும் தொடாதீங்க! காய்ந்த ரத்தம்!" என்று நான் சொன்னேன். அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்த நீங்கள் பையைக்கூட இறக்காமல் குனிந்து பார்த்தீர்கள். "ரத்தமா? ரத்தம் காஞ்சா இப்படியா இருக்கும்? இது வந்து..." என்றவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். அப்புறம், என் செல்லப்பெயரைச் சொல்லி, "துப்பு, போய்க் கை கழுவிட்டு வா. சோப்பு போட்டு" என்றீர்கள். நான் கழுவினேன், ஏனென்றால் ஆய்வாளரின் கை சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் திரும்பி வந்ததும் குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதியது இது: "சந்தேகத்துக்குரியவர் பாதிப் பேச்சில் நிறுத்தினார். பேச்சை மாற்றினார்."

சலவைக் கடையில் பதினெட்டு வருடமாகக் கறை எடுக்கிறவர் நீங்கள். தொடரில் சுவரெல்லாம் ரத்தம் தெறித்து எல்லோரும் மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, "இதுக்கா இவ்வளவு அலட்டல்? பச்சைத் தண்ணியில ஊற வச்சா போயிடும்" என்பீர்கள். கண்ணாடி போட்ட ஆய்வாளர் அக்கா நுண்ணோக்கியில் கண்ணை வைப்பதற்கு முன்பே, "அது ரத்தமே இல்ல, பீட்ரூட்" என்பீர்கள். அது பீட்ரூட்டாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவர் ஒரு கறையைப் பார்த்து அது என்ன என்று சொல்லாமல் நிறுத்தினால், அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். அந்த முடிவு சரிதான். காரணம்தான் தப்பு.

அடுத்த இரண்டு நாள் நடந்தவற்றுக்காக நான் ஏற்கெனவே தண்டிக்கப்பட்டுவிட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளவும். குற்றம் நடந்த இடத்தைப் பாதுகாக்க அம்மாவின் சிவப்புக் கம்பளி நூலைச் சாப்பாட்டு அறை வாசலில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். அதனால் இரண்டு நாள் எல்லோரும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். "என் வீட்டுல நான் உக்கார்ந்து சாப்பிடறதுக்கு யாரைக் கேக்கணும்?" என்று அப்பா கேட்டார். "என்னைத்தான் கேக்கணும்ப்பா" என்றேன். கைரேகை எடுக்க அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து முத்திரை மைப்பெட்டியைக் கொண்டுவந்தேன். அதில் இருந்தது அழியாத மை என்று மேலே எழுதியிருந்ததை நான் அப்புறம்தான் படித்தேன். மறுநாள் அப்பா கடையில் மூக்குக்கண்ணாடி வாங்கிக்கொண்டு போனவர்களில் நான்கு பேர், "எல்லாத்துலயும் நீலமா ஒரு மேகம் தெரியுதுங்க" என்று திரும்பி வந்தார்களாம். அதில் ஒரு பெரியவர் அறுவை சிகிச்சைக்கே நாள் கேட்டுவிட்டாராம். அம்மா மருத்துவமனையில் நோயாளிகளின் அட்டைகளில் எல்லாம் நீலக் கட்டைவிரல் தடம் வைத்திருக்கிறார். உங்கள் கை மட்டும் மறுநாளே சுத்தமாகிவிட்டது. அதையும் உங்களுக்கு எதிராக எழுதி வைத்தேன். பள்ளியிலும் நிம்மதி இல்லை. வகுப்பாசிரியை என்னை எழுப்பி, "மூணாம் பருவம் எப்படிப் போகுது?" என்று கேட்டார். "ரெண்டு அத்தியாயம்தான் பாக்கி, மிஸ். யார் கொன்னதுன்னு மட்டும் இன்னும் தெரியலை" என்றேன். அவர் பரீட்சையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

விரிப்பில் இருந்த தடத்தை ஒட்டும் நாடாவில் எடுத்து, உங்கள் ரேகையோடு அப்பா கடையின் பெரிய லென்ஸை வைத்து ஒப்பிட்டேன். பன்னிரண்டு இடங்கள் பொருந்த வேண்டும் என்று தொடரில் சொல்வார்கள். எனக்கு நான்குதான் கிடைத்தன. அந்த நான்கில் இரண்டு, துணியின் நெசவு என்று இப்போது தெரிகிறது. ஆனால் அன்றைக்கு நான்கே போதும் என்று தோன்றியது, ஏனென்றால் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கை அணைத்துவிட்டு உண்மையை வெளியிடுகிற காட்சியை நான் மனப்பாடமே செய்து வைத்திருந்தேன்.

அந்த மாலையை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். விளக்கை அணைத்ததும் அப்பா கம்பளி நூலில் கால் மாட்டி நாற்காலியோடு விழுந்தார். "விசாரணைன்னு சொல்லிக் கொலை பண்ணப் பாக்கிறியா பாப்பா?" என்று தரையிலிருந்து கேட்டார். நான் கைவிளக்கை உங்கள் முகத்தில் அடித்து, "அந்தக் கை... அத்தையுடையது" என்றேன். அப்போது நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன் அத்தை. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். "அட போடி துப்பு கெட்டவளே, நாலு புள்ளி போதுமா?" என்று கேட்பீர்கள், நான் மறுபடி ஆய்வு செய்வேன் என்றுதான் இருந்தேன். ஆனால் அம்மா முந்திக்கொண்டார். "எனக்கு அப்பவே தெரியும். நான் தைக்கும்போதே நூல் இழுத்திருக்குன்னு குறை சொன்னாங்களே. கண்ணுல பட்டது கையிலயும் படாதா?" என்றார். நீங்கள் அம்மாவைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். "அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய், உங்கள் துணிகளைக் கடையில் மடிப்பது போலவே ஓரத்தோடு ஓரம் வைத்து மடித்துப் பையில் போட்டீர்கள். தொடரில் குற்றவாளிகள் கத்துவார்கள், ஓடுவார்கள், நாற்காலியைத் தள்ளுவார்கள். யாரும் இப்படி மடிக்க மாட்டார்கள். வாசலில் என் தலையைத் தொட்டு, "நல்லாப் படி. கையைக் கழுவிட்டுப் புஸ்தகத்தைத் தொடு" என்றீர்கள். அப்பா விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்துவதும் மறுபடி தூக்கி நிறுத்துவதுமாக இருந்தார்.

நீங்கள் போன பிறகு இரண்டு அத்தியாயங்கள் வந்திருக்க வேண்டும். ஒளிபரப்பில் கோளாறு ஏற்பட்டு ஒன்றைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். வந்த அந்த ஒன்றை உங்கள் மேல் உள்ள மரியாதையால் நான் பார்க்கவில்லை. சரி, பார்த்தேன். ஆனால் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். பாதியில் அம்மா வந்து உங்கள் இடத்தில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் தரை முழுக்கச் சிவப்பாக ஏதோ ஓடியது. "இது ரத்தமா, வேறயா?" என்று அம்மா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. அம்மா எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்துதான் எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் தொடரில் என்ன செய்வார்கள்? கைரேகை நிபுணரின் கருத்தைக் கேட்பார்கள். செய்தித்தாளில் ஒரு சிறு விளம்பரம் இருந்தது: "கைரேகை நிபுணர். முப்பத்திரண்டு ஆண்டு அனுபவம். உள்ளதை உள்ளபடி சொல்வார். வீட்டுக்கே வருகை." தொலைபேசியில் கூப்பிட்டு, வழக்கு அவசரம் என்றேன். "வழக்கா? கவலைப்படாதேம்மா, ஜெயிக்கிற கையா தோக்கிற கையான்னு பாத்துச் சொல்லிடறேன்" என்றார். எவ்வளவு நம்பிக்கையோடு பேசுகிறார் என்று வியந்தேன்.

அவர் நேற்று மதியம் வந்தார். வெள்ளைச் சட்டை, தோல் பை, பையில் ஒரு பூதக்கண்ணாடி. பார்த்த உடனே எனக்கு மரியாதை வந்துவிட்டது. நடந்த உரையாடலைக் குறிப்பேட்டில் உள்ளபடி தருகிறேன்.

"யாரு கை பாக்கணும்?"

"இதோ சார்" என்று ஒட்டும் நாடாவை நீட்டினேன்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, ஆயுள் ரேகையே இல்லையே!"

"அது விரல் மட்டும்தான் சார்."

"ஆள் எங்க?"

"வீட்டை விட்டுப் போயிட்டாங்க."

"ஓஹோ. எப்ப திரும்பி வருவாங்கன்னு தெரியணுமா?"

"அது இல்ல சார். குத்தவாளியா இல்லையான்னு தெரியணும். ஆனா..." இந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் மாறிவிட்டது. "எப்ப வருவாங்கன்னும் தெரிஞ்சா நல்லா இருக்கும்."

அதற்குள் மருத்துவமனையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த அம்மா, "யாருடி இது?" என்று கேட்க, நான் "தடயவியல்" என்று சொல்ல, நிபுணர் "ஜோசியம்" என்று சொல்ல, அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கி, தரையைப் பிளந்துகொண்டு போய்விடலாம் போல இருந்தது. ஒரே சொல்லுக்கு இரண்டு தொழில் இருக்கலாம் என்பது எங்கள் பாடப்புத்தகத்தில் எங்கேயும் இல்லை. அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "வந்தது வந்தாச்சு, கையைக் காட்டுங்கம்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பூதக்கண்ணாடியை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஊசி குத்தின கை. ஒருத்தரைப் போகவிட்டுட்டு மனசுக்குள்ள வாசலையே பாத்துட்டு இருக்கிற கை" என்றார். ஆள் போய்விட்டதை நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன் என்பது எனக்குத் தெரியும்; ஆனால் அம்மாவுக்குத் தெரியாதே. "அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குப் போனார். அடுப்பில் பால் இல்லை.

அடுத்து அப்பா வந்தார். வேண்டாம் வேண்டாம் என்றவரின் கையைப் பிடித்து விரித்தார் நிபுணர். "இதென்ன சார், மேல நீலமா இருக்கு, ரேகைக்குள்ள பூரா சிவப்பா இருக்கு?" அப்பா, "நீலம் இவ பண்ணினது. சிவப்பு லென்ஸ் மெருகேத்துற தூள். என்ன தேய்ச்சாலும் போகாது" என்றார். நிபுணர் மேசையில் கிடந்த விரிப்பைப் பார்த்தார். கறையைப் பார்த்தார். மறுபடி அப்பாவின் கையைப் பார்த்தார். முப்பத்திரண்டு ஆண்டாகக் கைகளை மட்டுமே பார்த்தவர் அவர், அத்தை! நான் லென்ஸும் நாடாவும் வைத்து இரண்டு நாளில் காணாததை அவர் இரண்டு நொடியில் கண்டுவிட்டார். "இந்தச் சிவப்புதானே அது?" என்றார். அதோடு, குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பி, "உன் கையையும் காட்டேன் பாப்பா" என்றார். "நான் விசாரணை அதிகாரி சார், எங்க கையைப் பாக்கிற வழக்கம் இல்ல" என்றேன். அவர் என் குறிப்பேட்டையே உற்றுப் பார்த்து, "இந்த நோட்டு நல்லா இருக்கே" என்று சிரித்தார். அப்பாவும் என் குறிப்பேட்டைப் பார்த்தார். உடனே, யாரும் கேட்காமலேயே, சத்தமாக, "நான்தான்! நான்தான் தொட்டேன்! கடையிலிருந்து வந்து கை கழுவாம தொட்டுட்டேன், போதுமா?" என்றார்.

சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தார். "இத்தனை நாளா வாயில என்ன வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். அப்பா முக்கால்வாசி நலம் என்று எழுதினேனே, அதன் காரணம் இதுதான். நேற்றிலிருந்து அம்மா அவரோடு பேசுவது என் வழியாகத்தான். "உங்க அப்பாவுக்கு உப்பு வேணுமான்னு கேளு" என்கிறார். இருவருக்கும் நடுவில் உப்பு ஒரு முழம் தூரத்தில் இருக்கிறது.

ஆகவே அத்தை, வழக்கு முடிந்தது. குற்றவாளி அப்பா. அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார். கறையைப் பார்த்த உடனே அது கண்ணாடிக் கடைத் தூள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் பழியை ஏற்றுக்கொண்டு போய்விட்டீர்கள். இதை நினைத்து நான் நேற்று இரண்டு தடவை அழுதேன். மூன்றாவது தடவை எழுதவேண்டிய வேலை இருந்ததால் அழவில்லை. அவசரப்பட்டு நான்கு புள்ளிகளை நம்பியதற்காக என்னை மன்னிக்கவும். சனிக்கிழமை கடைசி அத்தியாயம். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. விரிப்பை அம்மா இன்னும் தண்ணீரில் போடவில்லை. "இதை எடுக்க ஒருத்தராலதான் முடியும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அந்த ஒருத்தர் யார் என்பதற்குத் தடயவியல் தேவையில்லை.

அப்பா தங்களுக்கு அன்பைத் தெரிவிக்கச் சொன்னார், அம்மாவுக்குக் கேட்காத குரலில். அம்மா எதையும் தெரிவிக்கச் சொல்லவில்லை. ஆனால் காலையில் உங்கள் தலையணை உறையை மாற்றினார், உங்கள் அறை ஜன்னலைத் திறந்து வைத்தார், பிறகு யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்தார். நான் பார்த்தேன். இதை ஒரு தடயமாக ஏற்றுக்கொள்ளவும். சலவைக் கடையில் எல்லோருக்கும் என் வணக்கம். நீராவி பட்டுத் தங்கள் கண்ணாடி மங்காமலும், தங்கள் மனம் எங்கள் மேல் மங்காமலும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அண்ணன் மகள்,
துப்பு.

பின்குறிப்பு: குறிப்பேட்டில் தாள் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சி பத்து மணிக்கு என்று எழுத மறந்ததால், அதைப் பின் அட்டையில் எழுதலாம் என்று திருப்பினேன். பின் அட்டையில் மூன்று விரல் தடம் இருக்கிறது. சிவப்பு. சின்ன விரல்கள்.

அத்தை, நான் இப்போதுதான் என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு புள்ளி தேவைப்படவில்லை.

விரிப்பில் கறை தெரிந்த அன்று, பள்ளியிலிருந்து வரும் வழியில் அப்பா கடைக்குப் போய், ரேகை எடுத்துப் பழகலாம் என்று அந்தச் சிவப்புத் தூளை ஒரு காகிதத்தில் எடுத்து வந்தேன். சாப்பாட்டு மேசையில் ஒரு கண்ணாடி டம்ளர்மேல் தூவிப் பார்த்தேன். தூள் சரிப்படவில்லை, எறிந்துவிட்டேன், மறந்தும்விட்டேன். தூவுவதற்கு முன்னால், விளக்கு வெளிச்சத்தில் அம்மாவின் பூவை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமே என்று செய்தித்தாளை விலக்கினேன். விரிப்பில் தூள் பட்டுவிடக் கூடாதே என்று நானேதான் அதை மிகக் கவனமாகத் தொட்டு மடித்து, ஓரமாக நகர்த்தி வைத்தேன். தூள் காகிதத்தை அதற்கு முன்பே பிரித்திருந்தேன் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. அன்று நீங்கள் கை கழுவச் சொன்னபோது சோப்பு நுரை இளஞ்சிவப்பாக வந்தது. புதுச் சோப்பு என்று நினைத்தேன்.

வீட்டில் எல்லோருடைய ரேகையும் எடுத்தேன். என்னுடையதை மட்டும் எடுக்கவில்லை. முதலில் ஆய்வாளரின் ரேகையைத்தான் விலக்க வேண்டும் என்று முதல் பருவம், இரண்டாம் அத்தியாயத்திலேயே சொன்னார்கள். அப்போது நீங்கள்கூட, "நல்லாக் கேட்டுக்கோ" என்றீர்கள்.

உங்களுக்குத் தெரியும். நிபுணருக்குத் தெரிந்தது. அப்பாவுக்கு நேற்று தெரிந்தது. அம்மாவிடம் இப்போது போய்ச் சொல்லப்போகிறேன். விளக்கை அணைக்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் ஆதாரத்தை அழிப்பது அதைவிடப் பெரிய குற்றம். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அப்படியே அனுப்புகிறேன்; எங்கெல்லாம் "அப்பா" என்று இருக்கிறதோ அங்கெல்லாம் "நான்" என்று படித்துக்கொள்ளவும். பின் அட்டையை வெட்டி இதோடு இணைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சனிக்கிழமை வந்து கதவைத் தட்டும்போது அதைக் காட்டினால் போதும். நான் கை இரண்டையும் நீட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். கழுவியிருப்பேன்.